புதிய பாம்பைக் கையில் எடுப்பது எப்போது?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பாம்பை வளர்ப்புப் பிராணியாக இல்லத்தில் வைத்துப் பராமரிக்கும் வழக்கம் வேரூன்றிப் பல ஆண்டுகளாகிவிட்டன. எந்த இனத்தை வாங்குவது, எவ்வளவு நீளமான பெட்டி அமைப்பது, யாரிடம் வாங்கினால் நம்பலாம் என்றெல்லாம் மாதக்கணக்கில் ஆராய்ந்து முடிவு செய்தவர்களே, பிராணி வீடு வந்து சேர்ந்த அன்று மாலையே அதை வெளியே எடுத்துத் தோளில் போட்டுப் புகைப்படம் பிடித்துக்கொள்ளத் துடிக்கிறார்கள். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. இந்த அவசரத்தின் விளைவு அன்றைக்குத் தெரிவதில்லை. பத்து நாள் கழித்து, வைத்த ஆகாரத்தை முகர்ந்தும் பாராமல் பாம்பு சுருண்டு கிடக்கும்போதுதான் தெரிகிறது. புதிதாக வந்த பாம்பை எவ்வளவு காலம் தொடாமல் விடுவது, அக்காலத்தில் என்ன செய்வது என்ற வினாவுக்கு வளர்ப்போரிடையே வழங்கும் மூன்று வழிகளைச் சீர்தூக்கி, யாருக்கு எது உசிதம் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தென்கிழக்கு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கார்ன் ஸ்நேக், ஆப்பிரிக்காவின் மேற்கு, மத்தியப் பகுதிகளுக்குரிய பால் பைத்தான் ஆகிய விஷமற்ற இரண்டு இனங்களையே பெரும்பாலோர் முதன்முதலில் வாங்குவதால், அவற்றையே உதாரணமாகக் கொள்கிறேன்.

சட்டம் குறித்து ஒரு வார்த்தை

இந்தியாவில் வாழும் வாசகர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, சாரையோ மலைப்பாம்போ மண்ணுளியோ, இந்நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதாகும். பால் பைத்தான் போன்று அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் பற்றிய ஒப்பந்தத்தின் பட்டியலில் இடம்பெற்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விதியாயிற்று. சென்னை விமான நிலையத்தில் பிரயாணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்க அதிகாரிகள் பன்முறை கைப்பற்றிய பாம்புகளில் இந்த இனமும் உண்டு. அவ்வாறு கடத்தி வரப்பட்ட ஜந்துவை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது சட்டத்துக்கும் தர்மத்துக்கும் விரோதம். சிங்கப்பூரிலோ பாம்பு வளர்ப்பதற்கே இடமில்லை. ஆதலால் பின்வருபவை, சட்டம் இடங்கொடுக்கும் தேசங்களில் முறைப்படி வாங்கியவர்களுக்கே உரியவை.

பாம்பு அறியும் புது வீடு

பாம்புக்கு இமையில்லை, வெளியே தெரியும் காதில்லை, எனினும் நாம் அறையில் நடக்கும் ஒவ்வோர் அடியின் அதிர்வையும் அது தாடையெலும்பின் வழியே உணர்கிறது. பிளவுண்ட நாக்கை நீட்டிக் காற்றிலும் தரையிலுமுள்ள மணத்துகள்களைத் திரட்டி, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்த்து, தான் இருக்குமிடம் இன்னதென்று தெரிந்துகொள்கிறது. பால் பைத்தானுக்கு இவற்றோடு, அருகிலுள்ள உடலின் வெப்பத்தை உணரும் குழிகள் உதட்டோரத்தில் அமைந்திருக்கின்றன. இத்தனை புலன்களும் ஒரே நாளில் மாறிய உஷ்ணத்தையும் மாறிய மணத்தையும் மாறிய அதிர்வையும் எடுத்துச் சொல்ல, அதன் நடுவே பெரிய உருவம் ஒன்று மேலிருந்து இறங்கித் தன்னைப் பற்றித் தூக்குமாயின், பருந்துக்கும் மனிதக் கைக்கும் பேதம் காணும் அவகாசம் அதற்கு ஏது?

தொந்தரவின்றி விடப்பட்ட பாம்பு தன் புது வீட்டை எவ்வாறு பழகிக்கொள்கிறது என்பதை, விளக்கை அணைத்துவிட்டு எட்ட இருந்து கவனிப்பவர் காணலாம். முதலில் மறைவிடத்தின் வாயிலில் மூக்கு நுனி மட்டும் தோன்றும். நாக்கு இரண்டு மூன்று முறை மெல்ல அசையும். மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெகு நேரம் சென்றபின் கழுத்து நீண்டு, சுவரோரமாகவே உடலை ஒட்டிச் சுற்றிவந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்து நின்று, யாரேனும் கதவைத் திறந்த அதிர்வு கேட்ட மாத்திரத்தில் வந்த வழியே திரும்பிவிடும். இந்தச் சுற்று நாளுக்கு நாள் நீள்வதே, அது இடத்தோடு பரிச்சயம் கொள்கிறது என்பதற்கு அடையாளம்.

மூன்று வழிகள்

முதல் வழி, வந்த நாளிலிருந்தே தினந்தோறும் சிறிது நேரம் கையிலெடுத்துப் பழக்குவது. அடிக்கடி நேர்வது பழகிப்போகும் என்பது இதை ஆதரிப்போரின் வாதம்; அது முற்றிலும் தவறு என்று சொல்வதற்கில்லை. மனிதர் பராமரிப்பில் பிறந்து வளர்ந்த சாதுவான கார்ன் ஸ்நேக் சில வேளை இதைச் சகித்துக்கொண்டு, குறித்த நாளில் இரையும் எடுத்துவிடுவதுண்டு. ஆனால் பாம்பு அசையாமல் கையில் கிடப்பதைச் சாந்தம் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. பால் பைத்தான் அஞ்சும்போது செய்வதே, தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்வது. இதைவிடப் பெரிய குறை மற்றொன்று. தினமும் எடுக்கப்பட்ட பாம்பு இரையை மறுக்குமானால், பெட்டியின் உஷ்ணம் போதாமையால் மறுக்கிறதா, நோயால் மறுக்கிறதா, நம் கையின் தொல்லையால் மறுக்கிறதா என்று பகுத்தறிய வழியே இல்லாமற் போகிறது.

இரண்டாம் வழி, முழுத் தனிமை. தண்ணீர் மாற்றுவதும் கழிவை அகற்றுவதும் தவிர வேறெதற்கும் பெட்டியைத் திறவாமல் ஐந்து முதல் ஏழு நாள் வரை விட்டுவிட்டு, அதன்பின் முதல் இரையை அளித்து, இரண்டு அல்லது மூன்று முறை ஒழுங்காக உண்டு ஜீரணித்த பிறகே கையிலெடுப்பது. அனுபவஸ்தர்களில் பலர் சொல்வது இதுவே. பாம்பின் நலத்தைக் கருதினால் இதில் குறை காண்பது அரிது. குறையெல்லாம் மனிதர் பக்கம்தான்: காத்திருக்கும் வாரங்களில் புதியவரின் உள்ளத்திலுள்ள அச்சமும் வளர்ந்து, முதல்முறை எடுக்கும்போது கை நடுங்கும், பாம்பும், மனித நடமாட்டமே அறியாததாய், அன்றைக்கும் நம்மை அந்நியராகவே எதிர்கொள்ளும்.

மூன்றாம் வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. முதல் வாரம் முழுத் தனிமை. முதல் இரையை உண்ட பிறகு, ஸ்பரிசமின்றிப் பரிச்சயம். நாள்தோறும் மாலையில் ஒரே நேரத்தில் பெட்டியருகே அமர்வது, தண்ணீரை நிதானமாக மாற்றுவது, மறைவிடத்தை நோக்கி நீட்டாமல் கையைப் பெட்டியின் ஓர் ஓரத்தில் சிறிது நேரம் அசையாமல் வைத்திருப்பது ஆகிய இவ்வளவே. பாம்பு தானாக வெளிவந்து நாக்கால் கையை ஆராய்ந்து சென்றால், அடுத்தடுத்த நாட்களில் உடலின் நடுப்பகுதியை விரலால் மெல்லத் தடவலாம். இரண்டாம் இரையும் செரித்த பிறகு எடுக்கலாம். இதற்கு வேண்டிய மூலதனம் பொறுமை ஒன்றே. ஆனால் அவசரக்காரர்கள் இவ்வழியைத் தொடங்கி, மூன்றாம் நாளே முதல் வழிக்குச் சறுக்கிவிடும் அபாயம் உண்டு.

இனத்துக்கும் பிறப்புக்கும் ஏற்ற தேர்வு

கார்ன் ஸ்நேக் சுபாவத்தில் சுறுசுறுப்பானது, இரையில் ஆர்வமுள்ளது, குட்டியாக இருக்கையில் வாலை அதிரவைத்தும் துர்நாற்றமுள்ள திரவத்தைப் பீச்சியும் தன்னைக் காத்துக்கொள்ள முயன்றாலும் விரைவில் அடங்கும். இதற்கு மூன்றாம் வழி மிகப் பொருத்தம். பால் பைத்தானோ மந்தகதியுடையது, கூச்சம் மிக்கது, ஆரோக்கியமாக இருக்கும்போதே வாரக்கணக்காக, சில வேளை மாதக்கணக்காகவும் பட்டினி கிடக்க வல்லது. இதன் குட்டிக்கும், காட்டில் பிடிக்கப்பட்டோ ஆப்பிரிக்கப் பண்ணையிலிருந்து இறக்குமதியாகியோ வந்த பாம்புக்கும் இரண்டாம் வழியே தகும். வளர்ந்த பால் பைத்தான் எடை குறையாமல் விரதம் மட்டும் இருக்குமானால், இத்தனை இரை உண்ண வேண்டும் என்ற கணக்கையே பிடித்துக்கொண்டிராமல் மூன்றாம் வழிக்கு மாறலாம். எடை குறைந்தால் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் வழி யாருக்கு என்றால், சிகிச்சைக்காகக் கட்டாயம் எடுத்தாக வேண்டிய பாம்புக்கு மட்டுமே.

பெட்டியும் இரையும்

எவ்வழியைத் தேர்ந்தாலும், பெட்டியைப் பாம்பு வருவதற்கு முன்பே ஆயத்தம் செய்து, உஷ்ணத்தை அளந்து சரிபார்த்திருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு வெப்பமான பக்கம் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸும், பால் பைத்தானுக்கு 32 டிகிரியும் இருக்கலாம். எதிர்ப்பக்கம் குளுமையாக இருத்தல் அவசியம். ஜீரணம் உஷ்ணத்தைச் சார்ந்தது. குளிரில் கிடக்கும் பாம்பு உண்டதைக் கக்கிவிடும். வெப்ப விரிப்பை தெர்மோஸ்டாட் இன்றி வைத்தால் பாம்பின் அடிவயிறு வெந்துபோகும். வெப்பப் பக்கத்தில் ஒன்றும் குளிர்ப் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்றே இருந்தால், பாதுகாப்பா உஷ்ணமா என்று பாம்பு ஒன்றைத் துறக்க நேரிடும். கண்ணாடிப் பெட்டி காட்சிக்கு நன்று. ஆனால் முதல் மாதம் அதன் மூன்று பக்கங்களைக் காகிதத்தால் மறைக்க வேண்டும். ஒளி புகாத பிளாஸ்டிக் பெட்டி அழகற்றதாயினும் கூச்சமுள்ள குட்டிக்கு அதுவே சௌகரியம். தரையில் மரப்பட்டைத் துகளைவிட வெறுங்காகிதம் தொடக்கத்தில் மேலானது. உண்ணிகளும் கழிவின் தன்மையும் அதில் பளிச்சென்று தெரியும்.

இரை விஷயத்தில், உயிருள்ள எலியா உறைந்த எலியா என்றால் உறைந்ததே சிறந்தது. உயிருள்ள எலி பாம்பையே கடித்துப் புண்படுத்தக்கூடும். முழுவதும் உருகவைத்து, வெந்நீரில் இளஞ்சூடாக்கி, ஈரம் துடைத்து, பாம்பின் பருத்த பகுதியின் பருமனுக்கு மிகாத இரையை நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். கூச்சப்பட்டால் மறைவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டு அறையை இருளாக்கி அகன்று, தீண்டாமல் கிடந்தால் காலையில் அகற்றிவிடலாம். வேறொரு பெட்டிக்கு மாற்றி ஊட்டினால் கையைக் கடிக்காது என்ற பழைய அபிப்பிராயம் இப்போது வலுவிழந்துவிட்டது. உண்ணும் முன்னும் உண்ட பின்னும் பாம்பைத் தூக்குவதாகிய இருமடங்கு தொல்லைதான் அதன் பலன். உண்டபின் குறைந்தது 48 மணி நேரம் தொடலாகாது. கக்கிவிட்டால் பத்து முதல் பதினான்கு நாள் வரை வயிற்றுக்கு ஓய்வளித்து, பிறகு சிறிய இரையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

முதல் ஸ்பரிசம்

எலி மணம் கையிலிருந்தால் கையே இரையாகத் தோன்றும். ஆதலால் முதலில் கைகழுவ வேண்டும். அமைதியான பாம்பைப் பக்கவாட்டிலிருந்து வெறுங்கையாலும், கதவு திறந்ததும் இரையென்று பாயும் பாம்பை முதலில் கொக்கியால் உடலில் மெல்லத் தட்டி உணர்த்திய பிறகும் எடுப்பது முறை. தலையையும் கழுத்தையும் விட்டு, நடு உடலின் அடியில் கையைச் செலுத்தி, முழு நீளத்துக்கும் ஆதாரம் கொடுத்து, தரையில் அமர்ந்தபடியே வைத்திருக்க வேண்டும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து நின்றாலோ, விடாது சீறினாலோ அன்றைக்கு எடுக்காமல் விடுவதே விவேகம். கண்கள் நீலம் பாரித்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறதென்று பொருள். உரித்து முடியும் வரை தொடவே கூடாது. சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றின் உடலில் இருக்கக்கூடுமாகையால், பாம்பைத் திரும்பப் பெட்டியில் வைத்த பிறகும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இதில் ஈடுபடுத்தலாகாது.

தீர்ப்பு

மூன்று வழிகளில் ஒன்றைச் சொல் என்று கேட்பவருக்கு, நல்ல வளர்ப்பாளரிடம் வாங்கிய கார்ன் ஸ்நேக்குக்கு மூன்றாவது, பால் பைத்தான் குட்டிக்கு இரண்டாவது என்பதே என் பதில். எந்த வழியிலும் நாட்காட்டியைவிட இரைக்குறிப்பையே நம்ப வேண்டும். ஆகையால் வந்த தேதி, இரை வைத்த தேதி, உண்டதா இல்லையா, எடை, கழிவு, சட்டை உரித்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவருவது அவசியம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்த பால் பைத்தான் ஒன்று, அறுபது வயதைக் கடந்து, 2020-இல் முட்டையிட்டது. சாதாரணப் பராமரிப்பிலேயே இருபது முப்பது ஆண்டுகள் கூட வாழப்போகும் பிராணிக்கு, முதல் மாதத்தை விட்டுக்கொடுப்பதால் வளர்ப்பவருக்கு நஷ்டம் ஏதுமில்லை. இரண்டு இரை செரிக்கட்டும், பிறகு எடுங்கள்.