ஓடாத எந்திரமும் ஒரு குப்பிப் பெட்ரோலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

வகுப்பறையில் நாம் பயிலும் விதிகள் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. இவ்வுண்மையைச் சென்ற தைத் திங்களில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் உணர்ந்தேன்.

என் தந்தையார் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் புல் வெட்டுபவர். ஈராண்டுகளுக்கு முன் கடன் வாங்கிப் புல்வெட்டும் எந்திரம் ஒன்றை வாங்கினார். சுழலும் நைலான் நரம்பினால் புல்லை அறுக்கும் இவ்வகைக் கருவியை 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர் உருவாக்கினார். கார் கழுவுமிடத்தில் சுழன்ற தூரிகைகளைக் கண்டு, தகர டப்பா ஒன்றில் தூண்டில் நரம்பைக் கோத்து முதற்கருவியை அவர் செய்தார்.

மழைக்காலம் முழுதும் கொட்டகையில் கிடந்த எங்கள் எந்திரம், தை பிறந்து வேலை வந்தபோது ஓட மறுத்தது. கயிற்றை இழுத்து இழுத்து அப்பாவின் தோள் வீங்கிவிட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர், கழற்றிப் பாராமலே, "கார்புரேட்டரை மாற்ற வேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை அப்பாவின் ஆறு நாள் கூலி.

"காலேஜுக்குப் போறியே தம்பி, இது ஏன் ஓடலைன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா. அவர் கேலியாகக் கேட்கவில்லை, நம்பிக் கேட்டார். அதனால்தான் எனக்கு அச்சமாக இருந்தது.

மூன்று தேவைகள்

பெட்ரோல் எந்திரம் ஓட மூன்று தேவை: அழுத்தம், தீப்பொறி, எரியக்கூடிய கலவை. ஒன்று குறைந்தாலும் ஓடாது. ஆகவே கண்டதைக் கழற்றாமல், ஒவ்வொன்றாகச் சோதிப்பதென முடிவு செய்தேன்.

முதலில் அழுத்தம். கயிற்றை மெல்ல இழுத்தேன். ஓரிடத்தில் கை நன்கு தடைபட்டது. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது என்பது அதன் பொருள்.

அடுத்துத் தீப்பொறி. இதில் மின்கலம் இல்லை. சக்கரத்தில் பதித்த காந்தம் கம்பிச் சுருளைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடலை எந்திரத்தின் உலோகப் பகுதியில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தேன். நீலப் பொறி தெறித்தது. (இதைச் செய்யும் நண்பர்கள் திறந்த வெளியில், டாங்கின் மூடியை இறுக மூடி, பிளக் துளையைத் துணியால் அடைத்துச் செய்க. பெட்ரோல் ஆவி தீப்பற்றும்.)

மூன்றாவது எரிபொருள். பிளக்கின் நுனி ஈரமாக இருந்தது. எனவே திரவம் உள்ளே வருகிறது. மிகுதியாக வந்துவிட்டதோ என எண்ணி, பிளக்கைத் துடைத்து உலர்த்தி மீண்டும் முயன்றேன். மறுபடியும் ஈரம், எந்திரம் ஓடவில்லை.

மூன்றும் இருந்தும் ஓடவில்லை என்றால், நான் மெய்யென்று கொண்டவற்றுள் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய பெட்ரோலில் ஆயில் கலந்து, சில துளிகளைப் பிளக் துளையில் விட்டு, பிளக்கைப் பூட்டிக் கயிற்றை இழுத்தேன். எந்திரம் இரண்டு நொடி உறுமி நின்றது! ஆக, குற்றம் எந்திரத்தில் இல்லை; டாங்கில் இருந்த திரவத்தில்.

இரு அடுக்குகள்

அத்திரவத்தைக் கண்ணாடிக் குப்பியில் வடித்தேன். மேலே ஆயிலின் நிறத்துடன் ஓர் அடுக்கு. கீழே தெளிந்த வேறோர் அடுக்கு.

நம் நாட்டில் இப்போது பெட்ரோலுடன் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை விரும்பி ஏற்கும். நீர் ஓரளவைக் கடந்ததும், எத்தனால் பெட்ரோலை விட்டு நீருடன் சேர்ந்து அடியில் தங்கிவிடும். எங்கள் கொட்டகைக் கூரை மழையில் ஒழுகும்; டாங்கின் மூடியும் சரியாக மூடவில்லை. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் நுனியோ எடைகட்டி டாங்கின் அடியில் கிடக்கிறது. எந்திரம் குடித்தது நீரும் எத்தனாலும்! ஆயில் மேலடுக்கிலேயே தங்கிவிடுவதால், அந்த அடித் திரவத்தில் எந்திரம் ஓடியிருந்தால் பிஸ்டன் தேய்ந்து கெட்டிருக்கும். ஓடாமல் நின்றதே நன்மை.

வேதியியல் ஆய்வகத்தில் பேராசிரியரின் அனுமதியுடன் இதனைச் சோதித்தேன். அளவுக் குழாயில் 50 மி.லி. பெட்ரோலும் 50 மி.லி. நீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தபோது, கீழே இருந்த நீரடுக்கு ஏறத்தாழ 60 மி.லி. ஆக உயர்ந்தது. பெட்ரோலிலிருந்த எத்தனால் நீருக்கு மாறியதே காரணம்.

டாங்கையும் குழாயையும் புதிய பெட்ரோலால் அலசி, கார்புரேட்டரில் தங்கியதையும் வெளியேற்றி, புதுக் கலவை ஊற்றினேன். ஏழாவது இழுப்பில் எந்திரம் ஓடியது. அப்பா ஒன்றும் கூறவில்லை. எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தோப்புக்குப் புறப்பட்டார்.

பெருமையோடு இக்கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அன்றிரவு தகரப் பெட்டியில் எந்திரத்துடன் வந்த கையேட்டைக் கண்டேன். நெடுநாள் ஓட்டாமல் வைப்பதானால் டாங்கைக் காலி செய்க என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது, ஆங்கிலத்தில். அப்பாவால் அதைப் படிக்க இயலாது. படிக்க இயன்ற நான் ஈராண்டுகளாக அதைத் திறக்கவில்லை.

மறுநாள் அக்கையேட்டின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டினேன். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றார். அந்தத் தாளின் விரிவே இக்கட்டுரை.