இல்லத்தில் இரத்த அழுத்தம் அளத்தல்: கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

இரத்தக் குழாய்களின் சுவர்மீது, ஓடும் இரத்தம் செலுத்தும் அழுத்தமே இரத்த அழுத்தம் எனப்படும். அது மிகுந்திருப்பினும் பெரும்பாலோர்க்கு நோவோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. ஆதலின் அளந்தாலன்றி அதனை அறிதல் இயலாது. இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், சுகாதார நிலையத்திற்குச் சென்றுவர ஒரு பொழுதின் கூலியை இழப்பவர் உண்டு. அத்தகையோர் வீட்டிலேயே ஒரு கருவி வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பே. ஆயின், அக்கருவி பிழையான எண்ணைக் காட்டுமானால், வேண்டாத மாத்திரையை உண்ணவோ வேண்டிய மாத்திரையைக் கைவிடவோ நேரும். பணநட்டம் அதனினும் சிறியது.

கையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டி அளக்கும் முறையை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி வெளியிட்டார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், பட்டையின் அழுத்தம் தணியுங்கால் நாடியில் எழும் ஒலிகளைக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் காணும் வழியைக் கண்டார். இன்றைய மின்கருவி ஒலியைக் கேட்பதில்லை. நாடித்துடிப்பினால் பட்டைக்குள் உண்டாகும் நுண்ணிய அதிர்வுகளை உணர்ந்து, தயாரிப்பாளர் அமைத்த கணக்கீட்டின்படி இரு எண்களையும் காட்டுகிறது. இக்கணக்கீடு தயாரிப்பாளர்தோறும் வேறுபடும். எனவே, புறத்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரு கருவிகள் ஒரே மனிதரிடம் வெவ்வேறு எண்களைக் காட்டுதல் கூடும்.

இதன்பொருட்டே சர்வதேசச் சோதனை முறை ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்றோர் காதால் கேட்டு அளந்த அளவுடன் கருவியின் அளவு ஒப்பிடப்படுகிறது. சராசரி வேறுபாடு 5 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. விற்பனைக்கு அனுமதி பெற்றதென்பது வேறு, இச்சோதனையில் தேறியதென்பது வேறு. கடைக்காரரிடம் முதலில் கேட்கத்தக்க வினா விலையன்று, இதுவேயாகும்.

அடுத்தது பட்டையின் அளவு. புயத்தின் நடுப்பகுதியை அளவுநாடாவால் அளந்து கொண்டு கடைக்குச் செல்க. பெரும்பாலான கருவிகளுடன் வரும் பட்டை ஏறத்தாழ 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு உரியது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டோர்க்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சுமார் 20 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டியது. பட்டை பெரிதாயின் அளவு குறைந்து காட்டும். மெலிந்த கையினர் இதனை நினைவிற் கொள்க. மணிக்கட்டில் கட்டும் கருவி எளிதாயினும், கை இதயத்திற்குப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலே ஏழெட்டு மில்லிமீட்டர் மிகுதியாகும். ஆதலின் புயத்திற் கட்டுவதே மேல்.

உயரமான மூணாற்றில் கருவி தவறிக் காட்டுமோ எனச் சிலர் ஐயுறலாம். பட்டையின் அழுத்தம் சுற்றுப்புறக் காற்றழுத்தத்திற்கு மேற்பட்டதாகவே அளக்கப்படுவதால், உயரம் மட்டுமே பிழை உண்டாக்குவதில்லை. கவனிக்க வேண்டியது உஷ்ணமே. பொதுவாக இக்கருவிகள் 10 முதல் 40 பாகை வரை இயங்குமாறு அமைந்தவை. மூணாற்றின் பனிக்காலை ஒரு முனையையும், பாலக்காட்டின் கோடைப் பகல் மறுமுனையையும் கடந்துவிடும். குளிரில் உடலின் இரத்த அழுத்தமும் சற்று உயரும். கருவியை அறையின் மிதமான வெப்பத்தில் சிறிது நேரம் வைத்திருந்து பின்னர் அளக்க.

2021 ஜூலையில் மத்திய அரசு இக்கருவிகளின் வணிக இலாபத்திற்கு 70 விழுக்காடு என வரம்பு விதித்தது. விலை கூடுவதற்குக் காரணமாகும் கைபேசி இணைப்பு, பேசும் குரல் முதலியன துல்லியத்தைச் சிறிதும் கூட்டுவதில்லை. எழுத்தறியாத முதியோர்க்குக் குரல் உதவலாம். மற்றபடி நோட்டுப் புத்தகமே போதும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடங்களில், கடையில் எளிதிற் கிடைக்கும் சாதாரண மின்கலத்தால் இயங்குவதை வாங்குக.

அளக்குமுன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையிற் படிய, பேசாது அமர்தல் வேண்டும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து ஏழு நாள் குறித்து, முதல் நாளை நீக்கிச் சராசரி காண்க. அது 135/85 அல்லது அதற்கு மேலாயின் மருத்துவரிடம் காட்டுக. மருந்தைத் தாமே மாற்றுதல் கூடாது. நாடி ஒழுங்கற்றுத் துடிப்போர்க்கு இக்கருவியின் எண் நம்பத்தக்கதன்று. அவர்கள் மருத்துவரைக் கேட்டே வாங்குக. ஆண்டுக்கொருமுறை கருவியைச் சுகாதார நிலையத்திற்கு எடுத்துச்சென்று, அங்குள்ள கருவியுடன் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.