பெரிய ரோசாவைச் சிறிதாக்குவது எப்படி?

பேலியகொடையில் எங்கள் வீட்டு அலுமாரியில் உம்மும்மா பின்னிய மேசை விரிப்பொன்று இருக்கிறது. நடுவில் ஒரு ரோசாப்பூ. கட்டம் கட்டமாகப் பின்னும் ஃபிலே குரோஷே வேலை அது. அதன் மாதிரிப் படமும் கூடவே இருந்தது: அகலம் 60 கட்டம், உயரம் 60 கட்டம்.

அதே பூவை ஜக் மூடும் 15 செ.மீ. சதுரத்தில் பின்ன ஆசைப்பட்டேன். நான்கு கட்டங்களை ஒன்றாக்கி, 30 கட்டமாகச் சுருக்கிப் பின்னினேன். "இது ரோசாவா, கோவாவா?" என்று கேட்டார் உம்மா.

பிழை எங்கே? பக்கம் பாதியானால் பரப்பு காற்பங்காகிவிடும். 3600 கட்டங்களில் இருந்த பூவை 900 கட்டங்களுக்குள் திணித்திருந்தேன். இரண்டாம் முறை இப்படிச் செய்தேன்.

முதலில் நூல். இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியதாகும். புறக்கோட்டையில் மெல்லிய நூலும் அதற்கேற்ற சிறிய ஊசியும் வாங்கி, 10 கட்ட மாதிரித்துண்டு ஒன்றைப் பின்னி, கழுவிக் காயவைத்து அளந்தேன். பழைய நூலில் 5 செ.மீ. வந்தது, புதியதில் 4 செ.மீ. அப்படியானால் ஒரு கட்டம் 0.4 செ.மீ. 15ஐ 0.4 ஆல் வகுத்தால் 37.5. நான் 37 எடுத்தேன். ஒற்றை எண் என்பதால் பூவின் மையத்துக்குச் சரியாக ஒரு கட்டம் கிடைக்கும். அகலம் 14.8 செ.மீ. உயரத்தையும் தனியே அளந்து பாருங்கள். கட்டங்கள் எப்போதும் சரிசதுரமாக வருவதில்லை.

அடுத்தது படம். சதுரரூல் கொப்பியில் 37 கட்டங்களை அடையாளமிட்டு, முதலில் பூவின் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். ஓரத்து வேலைப்பாட்டை விட்டுவிடலாம். ஆனால் இதழ்களுக்கிடையே உள்ள வெற்றுக் கோட்டை விடக்கூடாது. அது ஒரு கட்ட அகலமானது. அதற்குமேல் சுருக்க முடியாது. அதை அடைத்ததால்தான் என் பூ கோவாவானது. இடம் போதாவிட்டால் இதழ்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பின்பு கொப்பியைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாகக் கணக்கு. கட்டத்துக்கு 3 தையல், முடிவில் 1: 37 × 3 + 1 = 112 அடிச்சங்கிலி. திரும்பும் சங்கிலி இதில் சேராது.

ஆந்திராவின் நரசாபுரத்தில் குரோஷே பின்னி உலகச் சந்தைக்கு அனுப்பிய பெண்களை வெறும் இல்லத்தரசிகளாகவே கணக்கிட்டார்கள் என்று மரியா மீஸ் 1982 இல் ஒரு நூலே எழுதினார். பொழுதுபோக்கென்று நாம் சொல்லும் வேலைக்குள் எவ்வளவு கணிதம் இருக்கிறது என்பதை 37 கட்டங்கள் எனக்குக் காட்டின. இப்போது எங்கள் ஜக்கின் மேல் இருப்பது ஐந்திதழ் ரோசா. உம்மா எதுவும் கேட்கவில்லை.