முதல் மரதன் ஓட்டம்

மரதன் என்றால் 42.195 கிலோமீற்றர். முதன்முறை ஓடும் நாம் ஓடி முடிப்பதையே இலக்காக வைப்போம்; நேரத்தை அடுத்தமுறை பார்க்கலாம். எம்மவர் பலர் நாற்பதைத் தாண்டியபின்தான் சப்பாத்துக் கட்டுகிறோம். தெற்காசியருக்கோ மாரடைப்பும் நீரிழிவும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. ஆகவே பெயர் பதியுமுன் குருதி அமுக்கம், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பரிசோதிப்போம். இன்சுலின் போடுபவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சீனி இறங்கிவிடலாம். மருந்தளவை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும், சட்டைப்பையில் குளுக்கோசும் இருக்க வேண்டும்.

இலண்டன் மரதன் ஏப்ரலில் வருவதால் பயிற்சி மாரிகாலத்தில்தான். குளிரைச் சாட்டுச் சொல்லாதீர்கள், கலியாண வீட்டுக்கு எந்தக் குளிரிலும் போகிறோமே! வாரம் மூன்று நாள், அதில் ஒன்று மட்டும் நீண்டது, பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு இறுகினால் உடனே நின்று 999ஐ அழையுங்கள்.