நிகழ்ச்சி நிரலுக்குள் ஒரு கைவேலை

செய்தித்தாளின் ஒரு மூலையில் அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். மாலை 6 மணிக்கு இது, 6-30க்கு அது என்று நெருக்கி அச்சிட்டிருப்பார்கள். அதில் வேண்டிய ஒரு நிகழ்ச்சியைத் தேடி எடுப்பது கடினமல்ல. ஆனால், "இந்த வாரம் முழுவதும், எல்லா நிலையங்களிலும், விலங்குகளைப் பற்றி வரும் நிகழ்ச்சிகள் எவை? அவற்றில் பள்ளி விட்ட பிறகு வருபவை எத்தனை?" என்று யாராவது கேட்டால்? ஏழு நாள் தாள்களையும் தரையில் பரப்பி, பென்சிலும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

கணிப்பொறியிடம் கொடுத்தால் நொடியில் முடித்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். முடிக்கும், ஆனால் ஒரு நிபந்தனை. தாளைப் படம் எடுத்துக் கொடுத்தால் அது ஊகிக்கத்தான் செய்யும். இன்றைய கணிப்பொறிகள் படத்திலுள்ள எழுத்தையும் படிக்கக் கூடியவையே. ஆயினும் '6-30' என்பது காலையா மாலையா, தடித்த எழுத்தில் இருப்பது நிகழ்ச்சியின் பெயரா விளம்பரமா என்பதை அது இடம் பார்த்து யூகிக்கிறது. ஊகம் சில நேரம் தவறும். கண்ணுக்காக அச்சிட்ட பட்டியல் வேறு. கணிப்பொறிக்காக எழுதிய பட்டியல் வேறு. பின்னது எப்படி இருக்கும் என்று பார்ப்போமா?

<நிகழ்ச்சி எண்="417">
<பெயர்>யானைகளின் வழித்தடம்</பெயர்>
<தொடக்கம்>18:30</தொடக்கம்>
<முடிவு>19:00</முடிவு>
<பொருள்>விலங்கியல்</பொருள்>
</நிகழ்ச்சி>

இது நாமே கற்பனை செய்த நிகழ்ச்சிதான். ஒவ்வொரு விவரத்தின் முன்னும் பின்னும் ஒரு சீட்டு கட்டியிருப்பதைக் கவனியுங்கள். மளிகைக் கடையில் டப்பாவின் மேல் 'துவரை', 'உளுந்து' என்று ஒட்டியிருப்பதைப் போன்றதே இது. இனி ஊகத்துக்கு வேலையில்லை. 'பொருள்' என்ற சீட்டுள்ள இடத்தில் 'விலங்கியல்' இருக்கிறதா? 'தொடக்கம்' 16:30க்குப் பிறகா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுத்துக் கொள். அவ்வளவுதான். இம்முறைக்கு எக்ஸ்.எம்.எல். என்று பெயர். இதில் சீட்டின் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது; விதிகள் அதற்கு இடம் தருகின்றன.

இத்தகைய பட்டியல் ஒவ்வொரு ஒலிபரப்பு நிலையத்திலும் உள்ளே இருக்கும். இல்லாவிட்டால் நிலையத்தை நடத்தவே முடியாது. அதை வெளியாருக்குத் திறந்து விட்டால் என்ன ஆகும்?

மேடையின் பின்புறம்

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமான பி.பி.சி. 2005-ஆம் ஆண்டு மே மாதம் இதைச் செய்து பார்த்தது. திட்டத்தின் பெயர் 'பேக்ஸ்டேஜ்'. நாடக மேடையின் பின்புறம் என்று பொருள். பார்வையாளர்கள் வழக்கமாகக் காணாத இடத்துக்கு வாருங்கள், எங்கள் பொருளை எடுத்து உங்கள் பொருளைச் செய்யுங்கள் என்பதே அதன் அழைப்பு. செய்தித் தலைப்புகள், வானொலி தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல், சாலைப் போக்குவரத்துச் செய்திகள் ஆகியவை சீட்டுக் கட்டிய வடிவில் வெளியிடப்பட்டன. யாரும் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் அதை வைத்து வணிகம் செய்யக் கூடாது.

நிகழ்ச்சிகளையே ஏன் கொடுக்கவில்லை? ஒரு நாடகத்தில் நடித்தவருக்கும், எழுதியவருக்கும், இசை அமைத்தவருக்கும் அதில் உரிமை உண்டு. அவர்கள் எல்லோரும் சம்மதிக்காமல் நிலையம் அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அந்த நாடகம் எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் வருகிறது என்ற விவரத்தை எளிதில் கொடுக்கலாம். அங்கே தொலைக்காட்சி பார்க்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன, பி.பி.சி.யின் வருவாயில் பெரும்பகுதி அதுதான். மக்கள் பணத்தில் திரட்டிய விவரம் மக்களுக்குப் பயன்படட்டும் என்பது நியாயமான வாதம் என்றே எனக்குப் படுகிறது.

போக்குவரத்துச் செய்தியை எடுத்துக் கொள்வோம். காலையில் வானொலியைத் திருப்பினால், எந்தெந்தச் சாலையில் நெரிசல் என்று ஒரு நீண்ட பட்டியலை வாசிப்பார்கள். காரில் போகிற ஒருவருக்குத் தம் சாலை ஒன்றைப் பற்றித்தான் தெரிய வேண்டும். மற்ற இருபதையும் கேட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும்! அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நெரிசலுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருந்தன. அதே 2005-ஆம் ஆண்டில்தான் கூகுள் நிறுவனத்தின் இணைய வரைபடமும் வெளிவந்தது. தன்னார்வலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கையில் நெரிசல் பட்டியல், மறு கையில் வரைபடம், இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். வரைபடத்தின் மேல் புள்ளிகள் தோன்றின. தம் சாலையில் புள்ளி உண்டா இல்லையா என்பதை ஒருவர் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

வரைபடம் வேறொருவருடையது, நெரிசல் விவரம் பி.பி.சி.யுடையது. இரண்டையும் சேர்க்கலாம் என்ற எண்ணம் மட்டுமே தன்னார்வலருடையது. ஆனால் அந்த எண்ணம் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் தனித்தனியே கிடந்திருக்கும். ஒரு நிலையத்தில் எத்தனை பொறியாளர்கள் இருந்தாலும் ஊரில் உள்ள எல்லோருடைய தேவையும் அவர்களுக்குத் தோன்றாது.

எண்ணும் நேரமும்

மேலே நம் கற்பனை நிகழ்ச்சிக்கு 417 என்று ஓர் எண் கொடுத்திருந்தோம். அது எதற்கு? உங்கள் வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் ஆசிரியர் வருகைப் பதிவேட்டு எண்ணைச் சொல்லி அழைப்பார் அல்லவா? அதே காரணம்தான். ஒரே பெயரில் பல நிகழ்ச்சிகள் வரும். ஒரே நிகழ்ச்சி மறு ஒலிபரப்பாகவும் வரும். 2007-ஆம் ஆண்டு முதல் பி.பி.சி. தன் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நிலையான குறியீட்டையும், அதற்கென ஓர் இணைய முகவரியையும் கொடுக்கத் தொடங்கியது. பாடகர்களுக்கோ அது புதிதாக எண் போடவில்லை. தன்னார்வலர்கள் கூடித் தொகுத்த 'மியூசிக்பிரெய்ன்ஸ்' என்ற இசைக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்த குறியீடுகளையே எடுத்துக் கொண்டது. கொடுத்த நிறுவனம் வாங்கவும் கற்றுக்கொண்டது!

நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஜூலை மாதம் லண்டனில் இரவு 7 மணிக்கு ஒரு வானொலி நிகழ்ச்சி. அப்போது சென்னையில் மணி என்ன? இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே நள்ளிரவு 12-30 என்று விடை சொன்னால் தவறு. மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதி வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். எனவே வித்தியாசம் நாலரை மணிதான். சரியான விடை இரவு 11-30. பட்டியலில் வெறும் '19:00' என்று இருந்தால் போதாது, எந்த ஊர்க் கடிகாரத்தின் 19:00 என்றும் எழுதியிருக்க வேண்டும். நிகழ்ச்சியை நினைவூட்டும் செயலி செய்கிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுவே.

2007 ஜூன் 16, 17 தேதிகளில் இத்தகைய ஆர்வலர்கள் நூற்றுக்கணக்கில் லண்டனில் உள்ள அலெக்சாண்ட்ரா மாளிகையில் கூடினார்கள். பி.பி.சி.யும் யாஹூ நிறுவனமும் சேர்ந்து அழைத்திருந்தன. 1936 நவம்பரில் பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது இதே கட்டடத்திலிருந்துதான். வந்தவர்கள் கணிப்பொறிகளைப் பிரித்து வைத்தார்களோ இல்லையோ, கட்டடத்தின் மேல் இடி விழுந்தது! உடனே கூரையிலிருந்த புகைப்போக்கித் திறப்புகள் தாமாகவே திறந்துகொண்டன. தீப்பிடித்தால் புகை வெளியேறுவதற்காக வைத்தவை அவை. வெளியே மழை, திறப்பு வழியே உள்ளேயும் மழை. கணிப்பொறிகளைக் காப்பாற்றக் கட்டடத்துக்குள் குடை பிடித்தார்கள். ஆயினும் கூட்டம் கலையவில்லை. மறுநாள் தாம் செய்தவற்றை ஒருவருக்கொருவர் காட்டிவிட்டே போனார்கள்.

மூடியதும் மீண்டதும்

பேக்ஸ்டேஜ் 2010 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. பிறருடைய விவரத்தை நம்பி நாம் ஒன்றைக் கட்டினால், அவர் குழாயை மூடும் நாளில் நம் தொட்டியும் வறண்டுவிடும். இதை மறைத்துவிட்டு உங்களை இந்த வேலைக்கு அழைப்பது சரியல்ல. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

1974-இல் பி.பி.சி. 'சீஃபாக்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. அக்காலத் தொலைக்காட்சிப் படம் 625 வரிகளால் ஆனது. அவற்றில் சுமார் 50 வரிகளில் படம் இருக்காது. திரையின் அடியிலிருந்து மின்னணுக் கற்றை மீண்டும் மேலே செல்வதற்கான இடைவெளி அது. அந்த வெற்று வரிகள் சிலவற்றில் எழுத்துகளைக் குறியீடாக்கி அனுப்பினார்கள். ஒரு பக்கத்துக்கு 24 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். செய்தி, வானிலை, ரயில் நேரம் எல்லாம் இப்படி வந்தன. 1981-இல் வெளிவந்த 'பி.பி.சி. மைக்ரோ' கணிப்பொறிக்கான நிரல்களும் 1980களில் இவ்வழியாகவே காற்றில் வந்து வீடுகளில் இறங்கின. நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 1984-இல் கணிப்பொறிக் கல்வித் திட்டம் வந்தபோது கொடுக்கப்பட்டதும் இந்த பி.பி.சி. மைக்ரோதான்.

2012 அக்டோபரில் சீஃபாக்ஸ் நிறுத்தப்பட்டது. பழைய பக்கங்கள்? பெரும்பாலானவற்றை யாரும் சேமித்து வைக்கவில்லை. ஆனால் வீடுகளில் நாடகமும் பந்தாட்டமும் பதிவு செய்த பழைய வீடியோ நாடாக்கள் இருந்தன. அந்த வெற்று வரிகளும் அவற்றில் பதிவாகியிருந்தன, மங்கலாக. ஒரே பக்கம் சுழற்சியில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரு நாடாவில் அதன் பிரதிகள் பல கிடைக்கும். ஒன்றில் அழிந்த எழுத்து மற்றொன்றில் தெளிவாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சரியான எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். மறைந்த பக்கங்கள் மீண்டு வந்தன. வேறொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், பி.பி.சி.யின் புதிய இணையச் செய்திகளை எடுத்துப் பழைய சீஃபாக்ஸ் பக்கங்களைப் போலவே காட்டும் சேவையை நடத்திக் காட்டினார்.

பைத்தான் போன்ற கணிப்பொறி மொழி தெரிந்தவர்கள் செய்தி ஓடைகளிலிருந்து தொடங்கலாம். தலைப்பு, சுருக்கம், நேரம், முகவரி இவை மட்டுமே அதில் இருக்கும். இருபது வரி நிரல் போதும். ஒலியில் விருப்பமுள்ளவர்களுக்கு 2018-இல் பி.பி.சி. 16,000க்கும் மேற்பட்ட ஒலிப் பதிவுகளைக் கல்விக்கும் சொந்த உபயோகத்துக்கும் திறந்துவிட்டது. எதை எடுத்தாலும் உரிம விதிகளை முதலில் படியுங்கள்.

கணிப்பொறி இல்லாதவர்கள்? கவலை வேண்டாம். அஞ்சலட்டை அளவில் 40 அட்டைகள் வெட்டுங்கள். எல்லாவற்றிலும் வலது மேல் முனையைச் சாய்வாக வெட்டினால் அட்டை திரும்பிவிடாது. மேல் விளிம்பை ஒட்டி ஒரே இடத்தில் ஐந்து துளைகள் போடுங்கள். 1 இசை, 2 செய்தி, 3 அறிவியல், 4 மாலை நேரம், 5 சிறுவர் என்று வைத்துக் கொள்வோம். உங்கள் வானொலி நிலையத்தின் ஒரு வார நிரலிலிருந்து நிகழ்ச்சிக்கு ஓர் அட்டை வீதம் எழுதுங்கள். நிகழ்ச்சி அறிவியலைப் பற்றியது என்றால் 3-ஆம் துளையை விளிம்பு வரை கத்தரித்துத் திறந்துவிடுங்கள். இப்போது அட்டைகளை அடுக்கி, 3-ஆம் துளையில் ஒரு குடைக் கம்பியை நுழைத்துத் தூக்கி, லேசாகக் குலுக்குங்கள். அறிவியல் அட்டைகள் மட்டும் கீழே விழும்! விழுந்தவற்றை அடுக்கி 4-ஆம் துளையில் கம்பியை விட்டால், மாலையில் வரும் அறிவியல் நிகழ்ச்சிகள் விழும்.

ஒரு வாரம் வானொலியைக் கேட்டு அட்டைகளோடு ஒப்பிடுங்கள். கிரிக்கெட் வர்ணனையாலோ புயல் எச்சரிக்கையாலோ நிரல் மாறிய நாட்கள் எவை, எத்தனை அட்டைகளைத் திருத்த வேண்டியிருந்தது, மாற்றம் உங்களுக்கு எவ்வளவு நேரம் கழித்துத் தெரிந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.