மண்ணில் கலந்த உலோகம்: ஐந்து நம்பிக்கைகள், ஐந்து உண்மைகள்

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் குரோமேட் உப்பு தயாரித்துவந்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து ஓடும். இப்படிப்பட்ட நிலங்களைப் பற்றி மக்களிடம் சில நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. அவற்றை நம்பிச் சும்மா இருந்தால் கிணறும் வயலும் சேர்ந்தே கெடும்.

நம்பிக்கை 1: ஆலையை மூடிவிட்டால் மண் தானாகத் தேறிவிடும்.

உண்மை: சாக்கடைக் கழிவையும் எண்ணெயையும் நுண்ணுயிர்கள் தின்று சிதைத்துவிடும். உலோகம் தனிமம், அதைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. அது இடம் மாறும், வடிவம் மாறும், ஆனால் அழியாது. ராணிப்பேட்டையில் உற்பத்தி நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் நிலத்தடி நீரில் குரோமியம் இருந்தது இதனால்தான். நீர் மஞ்சளாகத் தெரியவில்லை என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு நிறம் தெரியும் முன்பே அந்த எல்லை தாண்டப்பட்டுவிடும்.

நம்பிக்கை 2: மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது, பயமில்லை.

உண்மை: மண்வள அட்டை 12 அம்சங்களைச் சொல்கிறது: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத் தன்மை, உப்பின் நிலை, கரிமச் சத்து. பயிருக்கு என்ன குறைகிறது என்று பார்ப்பதே அதன் வேலை. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் எதுவும் அதில் இல்லை. அவற்றைத் தனியே கேட்டுப் பரிசோதிக்க வேண்டும்.

நம்பிக்கை 3: எந்த உலோகம் அதிகமோ அதுதான் அதிக ஆபத்து.

உண்மை: ஸ்வீடன் விஞ்ஞானி ஹாகன்சன் 1980-இல் ஒரு கணக்குமுறை தந்தார். ஏரிப் படிவுகளுக்காக உருவான அதை இன்று மண்ணுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஓர் உலோகம் அந்த இடத்தின் இயல்பு அளவைப்போல எத்தனை மடங்கு இருக்கிறது என்று பார்த்து, அதை நச்சுத்தன்மைக்கான எண்ணால் பெருக்க வேண்டும். பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, ஈயத்துக்கு 5, குரோமியத்துக்கு 2, துத்தநாகத்துக்கு 1. காட்மியம் இரண்டே மடங்கு இருந்தால் 60. குரோமியம் பத்து மடங்கு இருந்தாலும் 20தான். 40-க்குக் கீழே வந்தால் குறைந்த ஆபத்து.

இந்தக் கணக்கை மட்டும் நம்பினாலும் ராணிப்பேட்டையில் ஏமாந்துபோவோம். தோல் பதனிடப் பயன்படும் ட்ரைவேலண்ட் குரோமியம் மண்ணில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும். குரோமேட் ஆலைக் கழிவில் உள்ள ஹெக்ஸாவேலண்ட் குரோமியமோ நீரில் கரைந்து ஓடும், புற்றுநோயும் உண்டாக்கும். அந்த 2 என்ற எண் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணைத் தரும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

நம்பிக்கை 4: சுண்ணாம்பு போட்டால் நஞ்சு கட்டுப்படும்.

உண்மை: அமில மண்ணில் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் இது பெருமளவு பொருந்தும். ஹெக்ஸாவேலண்ட் குரோமியத்துக்குப் பொருந்தாது. அது எதிர்மின்னேற்றம் கொண்டது. காரம் ஏற ஏற மண்ணின் பிடியிலிருந்து நழுவும். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு வறுத்தெடுத்த கழிவு ஏற்கெனவே கடும் காரம். அங்கே உதவக்கூடியவை கரிமப் பொருளும் இரும்புச் சேர்மங்களும். அவை ஹெக்ஸாவேலண்ட்டை ட்ரைவேலண்ட்டாக மாற்றும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அந்த மாற்றம் தலைகீழாகவும் நடக்கலாம். சிகிச்சை முடிந்த பிறகும் கண்காணிப்பு வேண்டும்.

நம்பிக்கை 5: பயிர் செழிப்பாக நிற்கிறது, மண் நல்ல மண்தான்.

உண்மை: ஜப்பானின் ஜின்சு ஆற்றுச் சமவெளியில் சுரங்கக் கழிவால் காட்மியம் ஏறிய வயல்களிலும் நெல் விளைந்தது. அதை உண்டவர்களுக்கு எலும்பு முறிந்து துடிக்கும் இத்தாய் இத்தாய் நோய் வந்தது. பயிரின் பசுமை தானியத்தில் சேரும் காட்மியத்தைக் காட்டிக்கொடுக்காது.

பயிரைப் பார்ப்பதைவிட மண்ணின் உயிர்களைக் கேட்பது நல்ல வழி. ஒரு பெட்டியின் ஒரு பாதியில் சந்தேக மண், மறுபாதியில் நல்ல மண். நடுக்கோட்டில் 10 மண்புழுக்களை விட்டு 48 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். சந்தேக மண்ணில் இரண்டு புழுகூட மிஞ்சவில்லை என்றால், புழு வாழத் தகாத மண் அது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு (ISO) ஏற்ற சோதனை இது.

உங்கள் ஊர் மண்ணைச் சோதிக்க வருகிறவர்களிடம் மூன்றைக் கேளுங்கள்: ஹெக்ஸாவேலண்ட் குரோமியத்தைத் தனியே அளந்தீர்களா? மாசுபடாத பக்கத்து மண்ணோடு ஒப்பிட்டீர்களா? மண்ணின் உயிர்களைச் சோதித்தீர்களா? இம்மூன்றுக்கும் பதில் வரும்வரை “ஆபத்தில்லை” என்ற சான்றிதழை யாரிடமிருந்தும் ஏற்க வேண்டாம்.