குடியிருப்பும் ஊர்மன்றமும்

'குடி' என்னும் சொல் நம் மொழியிற் பழமையானது, பொருட்செறிவும் உடையது. குடும்பம், குலம், நாட்டு மக்கள், அவர்தம் உறைவிடம் ஆகிய நான்கினையும் அஃது ஒருங்கே குறிக்கும். ஒருவன் ஓரிடத்திற் படுத்துறங்குவதனால் மட்டும் அவ்விடத்துக் குடியாகான். அடுப்பு மூட்டி, அண்டை அயலாரோடு அளவளாவி, ஊரின் நன்மை தீமைகளிற் பங்கேற்று வாழும்போதே குடியாவான். பலர் ஒருங்கு வாழ்தற்குரிய அடுக்குமனைகளை அமைத்தல் பற்றி ஒரு நகரமன்றமோ ஊர்மன்றமோ ஆராயுங்கால் இச்சொல்லின் முழுப்பொருளையும் மறவாதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களைச் சார்ந்த யாம் இதனை ஆராய்தற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. எம் நிலம் வானம் பார்த்த நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மழையை நம்பி விளைவன. மழை பொய்த்த ஆண்டில் எம் மக்கள் தறியையும், சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுதலையும் நாடிப் பிழைப்பர். அவையும் போதாவிடத்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பெயர்வர். இத்தகைய புன்செய்ச் சீமையைச் சார்ந்த விருதுநகர் மாவட்டத்து இ. குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கர் பரப்பில், பிரதமர் மித்ரா திட்டத்தின்படி பெரியதொரு ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இந்தியா முழுமைக்கும் அறிவிக்கப்பெற்ற ஏழு பூங்காக்களுள் இஃது ஒன்று. 2025இல் 1,894 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்திற்கு ஒன்றிய அரசு இசைவளித்தது. ஆலைக்கூடங்கள், சாயக்கழிவு நீரைத் தூய்மை செய்யும் நிலையம் முதலியவற்றோடு, 10,000 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் விடுதியும் அத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

10,000 பேர் என்பது ஒரு பேரூரின் மக்கள்தொகைக்கு ஒப்பாகும். அங்குச் சென்று தங்குவோர் யாவர்? பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வரலாம். எம்மோடு பள்ளியிற் பயின்று, கல்லூரிப் படியேறும் வாய்ப்பின்றி நின்ற தோழரும் எம் தங்கையரும் அவருள் ஒருசாராராவர். ஆதலின் இஃது எமக்கு ஏட்டில் மட்டும் காணும் பொருளன்று.

இனி, இத்தகைய குடியிருப்பு ஒன்றினை ஆராயும் மன்றம் கேட்கவேண்டிய வினாக்கள் எவை எனக் காண்போம்.

முதல் வினா மண்ணைப் பற்றியது. கரிசல் மண் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சிப் பருக்கும். கோடையிற் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடிக்கும். இங்ஙனம் ஆண்டுதோறும் ஏறியிறங்கும் மண்மேல் ஆழமின்றி அடித்தளம் இட்டால் சுவர்கள் கீறும். ஆழ்ந்த கரிசலில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வரையிலும் இவ்வீர மாற்றம் உண்டென்பர் பொறியியலார். ஆதலால் அடிப்புறம் விரிந்த தூண்களை அதற்குக் கீழே இறக்கி, அவற்றின்மேற் கட்டடத்தை நிறுத்துவர். இதிற் பிழை நேரின் விளைவு யாது என்பதைச் சென்னைப் போரூரை அடுத்த மௌலிவாக்கம் உணர்த்தியது. அங்கே 2014 ஜூன் 28ஆம் நாள், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பொன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்த எளியோர். அதன் அருகில் நின்ற மற்றொரு மாடிக்கட்டடமும் 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இசைவுத்தாள் கையில் இருந்தமையால் மட்டும் கட்டடம் நின்றுவிடவில்லை. எனவே மண் ஆய்வின் முடிவை மக்களுக்கு விளங்கும் மொழியிற் படித்துக் காட்டுமாறு கேட்பது மன்றத்தின் உரிமையும் கடமையும் ஆகும்.

இரண்டாம் வினா நீரைப் பற்றியது. எம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெய்யும்; அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்துச் சில நாட்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். அதனைத் தேக்கவே முன்னோர் கண்மாய்களை வெட்டினர். அருப்புக்கோட்டை நகரம் தாமிரபரணி நீரைக் குழாய்வழியே நெடுந்தொலைவிலிருந்து பெறுகின்றது. கழிவுநீர்க் குழாய் வசதியுடைய நகரங்களில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்நாட்டில் வழங்கும் அளவை. அக்கணக்கின்படி 10,000 பேர்க்கு நாளொன்றுக்கு 13,50,000 லிட்டர் வேண்டும். ஊர்ப்புறங்களுக்கு ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவோ ஒருவர்க்கு 55 லிட்டர். மதிலுக்கு உள்ளே ஓரளவும் வெளியே ஓரளவுமாக நீர் பங்கிடப்படின், குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்ப்பெண்டிர் விடுதிப் பெண்களைப் பகைவராகக் கருதுவர். இப்பகை மனிதர் குணத்தாற் பிறப்பதன்று. கணக்குப் பிழையாற் பிறப்பது. நீர் எவ்விடத்திலிருந்து வரும், அதனால் ஊரின் பங்கு குறையுமா, கழிவுநீர் எக்கண்மாயின் பக்கம் செல்லும் என்பவற்றிற்கு விடை பெறாமல் எம்மன்றமும் தலையசைத்தல் ஆகாது.

மூன்றாம் வினா, கட்டியபின் காப்பவர் யார் என்பது. மாடிக்கட்டடம் திறப்புவிழாவன்று அழகாகவே விளங்கும். நீரேற்றும் பொறி பழுதுற்ற நாளில் நான்காம் மாடியில் உள்ளவள் யாரிடம் சென்று முறையிடுவாள்? மாடிப்படி விளக்கையும் குப்பையையும் சாக்கடையையும் பார்ப்பவர் யார்? அதற்குரிய பணம் எந்நிதியிலிருந்து வரும்? இவற்றைக் கட்டுமுன்னரே எழுதிவைத்தல் வேண்டும்.

இம்மூன்றினும் மேலானது நான்காம் வினா: அங்குக் குடிபுக இருப்போர்க்காக மன்றத்திற் பேசுபவர் யார்? ஒரு குடியிருப்பைப் பற்றி மன்றம் கூடும் நாளில் நிலத்தை விற்றவர் வருவர், கட்டுவோர் வருவர், அண்டை நிலத்தார் வருவர். ஆயின் நாளை அவ்வறைகளில் வாழப்போகின்றவர் ஒருவரும் அங்கு இரார். அவர் இன்னும் வந்திலர். வாராதவர் நலனையும் எண்ணிப் பார்க்கும் மன்றமே நிறைந்த மன்றமாகும்.

இக்குறை இன்று நேர்ந்த புதுக்குறை அன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களை நாம் பெருமையுடன் படிக்கின்றோம். ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை வழியே வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிகளைப் பிரித்தனர். கணக்குக் காட்டாதவரை விலக்கினர். இவையெல்லாம் போற்றற்குரியன. ஆயினும், தன் மனையில் வீடு கட்டி, இறை செலுத்தும் கால்வேலி நிலம் உடையவன் பெயரையே பொதுவாகக் குடத்தில் இட்டனர் என்பதையும் அக்கல்வெட்டே கூறுகின்றது. நிலமில்லார்க்கும் வீடில்லார்க்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. ஏரியைக் காத்த வாரியம் அவ்வேரியில் மண் சுமந்தவனைத் தன்னோடு அமர்த்தவில்லை.

இன்றைய சட்டம் அக்கதவைத் திறந்துவிட்டது. அரசமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. ஊர்ச்சபையாவது அவ்வூர் வாக்காளர் பட்டியலிற் பெயருடையார் அனைவரும் கூடுவது. நிலம் உண்டா, வீடு உண்டா என்று எவரும் கேளார். எனினும் ஒரு நுட்பம் இங்கு உண்டு. விடுதியில் தங்குவோர் பெயர் பெரும்பாலும் அவர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கும். தங்கும் ஊரிற் பெயர் இன்மையால் அவ்வூர்ச்சபையில் அவர்க்கு இடமில்லை. பெயருள்ள ஊரில் அவர் இருப்பதேயில்லை. இவ்வாறு ஈரூரிலும் அவர் குரலற்றவராகின்றார். உழைப்பு ஓரூரில், ஓலை வேறோரூரில்.

இதனால் விளையும் கேட்டினை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதியில், மின்னணுத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். உடன் தங்கியோர் நள்ளிரவிற் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். தம் குறையைக் கேட்கும் மன்றம் இல்லாதவிடத்து நெடுஞ்சாலையே அவர்க்கு மன்றமாயிற்று. பின்னர், அப்பகுதியைச் சார்ந்த வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெருவிடுதியை அரசு எழுப்பி, 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல கட்டடம் கிடைத்தது நன்றே. ஆயின் கட்டடம் வேறு, குரல் வேறு. முன்னதைத் தந்தமையால் பின்னதையும் தந்தோமென்று அமைதல் ஆகாது.

எம் மாவட்டத்து நிலையையும் இங்கு எண்ணுதல் தகும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரிலேயே நிகழ்ந்தது. அங்ஙனம் தேர்ந்தோர் காலமும் 2025 சனவரி 5ஆம் நாளுடன் முடிய, விருதுநகர் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். பூங்காத் திட்டத்திற்கு இசைவு கிடைத்த அவ்வாண்டில், மக்கள் தேர்ந்த தலைவர் ஒருவரும் ஊராட்சி நாற்காலியில் இல்லை. அலுவலர் திறமையுடையராய் இருக்கலாம், ஆனால் அவர் தெருவிற் செல்லுங்கால், "எங்கள் கண்மாய் என்னாகும் ஐயா?" என்று உரிமையோடு கேட்பதற்கு, அவர் வாக்குப் பெற்று வந்தவர் அல்லர்.

விடுதி வேண்டா என்று யாம் கூறுகின்றோமில்லை. வேலையின்றி ஊர்ப்பெயரும் மக்களைக் கண்டு வளர்ந்த யாம் அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. அயலூரார் வந்தால் ஊர் கெடும் என்று அஞ்சுவாரோடும் யாம் உடன்படோம். நம் ஊரார் திருப்பூரில் அயலூராரே அல்லரோ? யாம் வேண்டுவது, படுக்கை எண்ணிக்கையோடு அமையாமற் குடிகளையும் எண்ணல் வேண்டும் என்பதே. தனியராய் வந்தவர் மணம்புரிந்து குடும்பம் அமைக்க விரும்பின் அவர்க்குரிய சிறுமனைகள் அருகில் உண்டா? குழந்தைக்குப் பள்ளியும் நோயாளிக்கு மருத்துவமும் எத்தனை தொலைவில் உள்ளன? மதுரையில் நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கென, திருப்பரங்குன்றத்தை அடுத்து எழுந்த ஹார்விப்பட்டி, காலப்போக்கில் தெருவும் கடையும் பள்ளியும் உடைய ஊராகவே நிலைத்துவிட்டது. குடும்பமாக வாழ இடந்தந்த காரணத்தால் குடியிருப்பு ஊராயிற்று. படுக்கை மட்டும் தரும் இடம் ஊராதல் அரிது.

ஆதலின் ஊர்மன்றம் செய்யத்தக்கன சில உள. குடியிருப்பின் வரைபடத்தைப் பொதுவில் வைத்து, மண், நீர், கழிவு, காப்பு ஆகிய நான்கிற்கும் எழுத்தில் விடை கேட்கலாம். விடுதியில் ஆறு திங்களுக்கு மேல் தங்குவோரை அவ்வூர் வாக்காளர் பட்டியலிற் சேர்த்தற்கு, அவர் விரும்பின், உதவலாம். அது கைகூடும் வரையில், விடுதியாரால் தேர்ந்தெடுக்கப்பெற்ற சிலரை ஊர்ச்சபை நாட்களில் அழைத்து அவர் சொல்லைக் கேட்கலாம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறுநாள் அச்சபை கூடுதற்கு விதியுண்டு. ஆறனுள் ஒருநாளேனும் அவர்க்கென ஒதுக்குவது அரிய செயலன்று.

மாணவத் தோழர்காள்! நம்மிற் பலர் ஊராட்சிக் கூட்டத்தை முதியோர்க்குரிய பொழுதுபோக்கு என எண்ணுகின்றோம். அடுத்த விடுமுறையில் நம்மூர்ச் சபை கூடும் நாளில் நாமும் சென்று பின்வரிசையில் அமர்வோம். தீர்மானங்களைப் படிப்போர் விரைந்து படித்துச் செல்லுங்கால், எழுந்து ஒரு வினாவேனும் கேட்போம். பதினாயிரம் படுக்கைகளுள் ஒன்றில் நாளை நம் தங்கை உறங்குவாள், அவள் இன்று அவையில் இல்லை, நாம் இருக்கின்றோம்.